இரண்டு முறை எழுதப்பட்ட பிள்ளை ஆய்வு

கடந்த மாதம் ஒரு காலை, குசினியில் சூரை மீன் வெட்டிக்கொண்டிருந்த நேரம் போன் அடித்தது. அழைத்தது றிப்கா. நான் ஓய்வு பெற்ற பிறகு ஆசிரியர் கலாசாலையில் என் பாடத்தைப் பொறுப்பெடுத்திருக்கும் விரிவுரையாளர். ஒரு காலத்தில் என்னிடமே படித்தவள்.

"மெடம், புதுப் புள்ளைகள் வந்திரிக்காங்க. கற்றல் கோட்பாடும் ஆசிரிய விழுமியமும் தொடங்கப்போறன். நீங்க ஒருக்கா வந்து ஒரு மணித்தியாலம் கதைச்சிட்டுப் போங்களன்."

"நீ நல்லாத்தானே படிப்பிக்கிறாய். நான் என்னத்துக்கு?"

"அதில்ல மெடம்." குரலைத் தாழ்த்தினாள். "போன தொகுதிப் புள்ளைகள் தந்த பிள்ளை ஆய்வுகளத் திருத்திக்கொண்டிரிக்கன். முக்கால்வாசி புள்ளயப் பாக்காம போனிட்டக் கேட்டு எழுதினது மாதிரிக் கிடக்கு. எல்லாப் புள்ளயும் வாசிக்கப் பழகிட்டு. எல்லாப் புள்ளயும் சிரிச்ச முகம். ஒரு புள்ளைக்குக் கூட தடிமன், காய்ச்சல் வரல்ல மெடம்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீன் கையோடு நின்று சிரித்தேன். ஆனால் வருகிறேன் என்று சொல்லிப் போனை வைத்த பிறகு, சட்டியில் மீனைப் போட்டுக்கொண்டே யோசித்தேன். தடிமன் வராத ஒரு பிள்ளையை நானும் ஓர் ஆய்வில் சந்தித்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு நானே தொண்ணூற்றிரண்டு புள்ளி போட்டிருக்கிறேன். அதைச் சொல்ல வேண்டுமென்றால் என் ஆசிரியர் தம்பிராசா சேரிலிருந்து தொடங்க வேண்டும்.

நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போனபோது எனக்கு வயது இருபத்துநாலு. அந்த இரண்டு வருடப் படிப்பில் இப்போது நினைவிருப்பது கொஞ்சம்தான். கோட்பாடுகளை நாங்கள் விலங்குகளை வைத்துப் பாடமாக்கினோம். மணியடித்தால் எச்சில் விடும் நாய் ஒருவருக்கு, தானியத்துக்காகக் கொத்தும் புறா இன்னொருவருக்கு, பெட்டிமேல் ஏறிப் பழத்தை எட்டிப் பிடிக்கும் குரங்கு மூன்றாமவருக்கு. சோதனைக்கு முதல்நாள் விடுதியில் எங்கள் அறையைப் பார்த்தால் மிருகக்காட்சிச் சாலை என்றுதான் நினைப்பார்கள். பிள்ளை என்ற ஒன்று அந்தப் பட்டியலில் எங்கே வருகிறது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

தம்பிராசா சேர் காரைதீவுக்காரர். கல்வி உளவியல் பிரிவின் தலைவர். கறுப்புக் கால்சட்டை, வெள்ளைச் சேட்டு, பையில் ஒரு பென்சில். முதல் நாளிலிருந்தே எங்களை அவர் "டீச்சர்" என்றுதான் அழைப்பார். ஆண் மாணவர்களை "சேர்" என்பார். எங்களுக்கு முதலில் கூச்சம், பிறகு சிரிப்பு. ஒருநாள் ஒருவன், "இன்னும் நாங்க ஆசிரியர் ஆகல்லையே சேர்" என்றான். "அது எனக்கும் தெரியும் சேர். உங்களுக்கு மறந்துபோகக் கூடாது எண்டுதான் சொல்லுறன்" என்றார். சிரிக்காமல் சொன்னார்.

கற்பித்தற் பயிற்சிக்கு என்னை அனுப்பியது சம்மாந்துறைப் பக்கம் வயல்களுக்கு நடுவே இருந்த ஒரு சிறிய பாடசாலைக்கு. தரம் நாலு. பின்னம் படிப்பிக்க வேண்டும். நான் மூன்று நாள் உட்கார்ந்து மட்டையில் ஒரு கேக் செய்தேன். ரோஸ் கலர் ஐசிங், மேலே சிவப்புச் செரிப் பழம், நாலாக வெட்டிப் பிரித்தெடுக்கக்கூடிய கேக். என் வாழ்நாளில் அவ்வளவு அழகான கற்றல் சாதனத்தை நான் பிறகு செய்யவேயில்லை.

அன்று தம்பிராசா சேர் வந்தார். அவர் பாடம் பார்க்க வரும் முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறகு முப்பது வருடம் நானும் அப்படித்தான் செய்ய முயன்றேன். மேற்பார்வைக்கு வருபவர் என்று நேரே வகுப்புக்குள் நுழைய மாட்டார். பாடசாலை அதிபரிடம் போய், "உள்ளுக்குப் போகலாமா?" என்று கேட்பார். பிறகு வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பயிலும் ஆசிரியரிடம், "நான் எங்க இருக்கட்டும் டீச்சர்?" என்று கேட்பார். எங்கே காட்டினாலும் போய் இருப்பார். கதிரை கேட்க மாட்டார். பிள்ளைகளின் வாங்குப் பலகையில், முழங்கால் நெஞ்சில் முட்ட, சுருண்டு இருப்பார். பாடக் குறிப்பைக் கொடுத்தால் வாங்கி மடியில் கவிழ்த்து வைப்பார், பாடம் முடியும்வரை திறக்க மாட்டார். ஒரு வெள்ளைத் தாளில் வகுப்பில் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெட்டி கீறுவார். ஆசிரியர் ஒரு பிள்ளையிடம் பேசினால் அந்தப் பெட்டிக்குள் ஒரு புள்ளி. பிள்ளை கேட்காமலே தானாக ஏதாவது சொன்னால் ஒரு சின்ன வட்டம். அவ்வளவுதான். வேறொன்றும் எழுத மாட்டார்.

என் கேக் பாடம் முடிந்தது. பிள்ளைகளைவிட எனக்குத்தான் அந்தக் கேக்கில் ஆசை அதிகம். வெளியே வேம்பின் கீழ் நின்று சேர் தாளைத் தந்தார்.

"என்ன பாக்கிறீங்க டீச்சர்?"

முன் இரண்டு வரிசையில் புள்ளிகள் எறும்பு மொய்த்தது மாதிரி. பின் வரிசைகளில் ஒன்றே ஒன்று. எனக்குக் காது சுட்டது.

"முன்னுக்கு இருக்கிற பிள்ளைகளத்தான் கேட்டிருக்கன் சேர்."

"அது எல்லாரும் செய்யிறது. அத விடுங்க. முழுத் தாளிலயும் ஒரு வட்டம்தான் கிடக்கு. கடைசி வாங்கில, மூலைல. அந்தப் பிள்ள என்ன சொன்னா?"

எனக்கு நினைவில்லை. ஏதோ சொன்னாள். "கையை உயர்த்திட்டுக் கதைக்கணும்" என்று நான் சொன்னது மட்டும் நினைவிருந்தது.

"'கால் எண்டா கொத்தில ஒரு சுண்டுதானே டீச்சர்' எண்டா," என்றார் சேர். "கொத்துக்கு நாலு சுண்டு. அரிசி அளக்கிற வீட்டுப் பிள்ள. அவ பாடத்த முடிச்சிட்டா. நீங்க கேக்கத் தூக்கிக்கொண்டு நிண்டீங்க."

மறுநாள் கேக்கை விடுதியில் விட்டுவிட்டு, அதிபரின் வீட்டில் கேட்டு ஒரு கொத்தும் ஒரு சுண்டும் கொஞ்சம் அரிசியும் கொண்டுபோனேன். வகுப்பு கலகலத்தது. குவித்து அளக்கிறதா, தட்டி அளக்கிறதா என்று இரண்டு பிள்ளைகளுக்குச் சண்டையே வந்துவிட்டது. குவித்து அளந்தால் நாலு சுண்டு ஒரு கொத்துக்கு மேலே போகும் என்று அந்த மூலைப் பிள்ளை அளந்தே காட்டினாள். பிள்ளை ஏற்கெனவே அறிந்ததிலிருந்து தொடங்க வேண்டும் என்று நான் விடுதியில் பத்துத் தடவை பாடமாக்கிய வசனத்துக்கு அன்றுதான் பொருள் விளங்கிற்று.

சில வருடங்கள் பாடசாலைகளில் படிப்பித்து, மேலும் படித்து, நானும் அதே கலாசாலைக்கு விரிவுரையாளராக வந்தேன். சேர் அப்போதும் பிரிவுத் தலைவர்தான். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியது அதிகமில்லை, சிரித்ததைத் தவிர. ஒருநாள் மாணவருக்குத் தாங்குதல் கொடுத்துக் கற்பிப்பதைப் பற்றி விரிவுரை. கட்டடத்துக்குச் சாரம் கட்டுவது போல, பிள்ளைக்குத் தேவைப்படும்வரை உதவி. நான் வெகு உற்சாகமாக, "சாரம் எப்பயும் கிடக்கக் கூடாது. வேலை முடிஞ்சதும் கழட்டிடணும்" என்றேன். பின்வரிசை ஆண் மாணவர்கள் மேசையில் தலையைக் கவிழ்த்துவிட்டார்கள். இடுப்பில் உடுக்கும் சாரமும் அதே சொல்தான் என்பது எனக்கு உறைக்க ஒரு நிமிடம் ஆனது. அந்த வருடம் சோதனையில் சாரம் பற்றிய கேள்விக்கு எல்லா மாணவரும் சரியாக விடை எழுதியிருந்தார்கள்.

விழுமியங்கள் பாடத்தையும் நான்தான் எடுத்தேன். நேர்மை, நேரந்தவறாமை, இரகசியம் பேணல், பாரபட்சமின்மை என்று பன்னிரண்டு. சொல்லச் சொல்ல எழுதுவார்கள். பன்னிரண்டும் எனக்குத் தலைகீழாகத் தெரியும். அதனால் அவை என்னிடம் இருக்கின்றன என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுனாமிக்குப் பிறகு சில வருடங்கள் கழித்து வந்த ஒரு தொகுதியில் ஜெஸ்மினா இருந்தாள். பொத்துவில் பிள்ளை. மணி மணியான எழுத்து, நல்ல படிப்பு, கேள்வி கேட்டால் முதலில் எழுந்து நிற்பவள். எங்கள் பயிலுநர் ஒவ்வொருவரும் பயிற்சிப் பாடசாலையில் கற்றலில் பின்தங்கிய ஒரு பிள்ளையைத் தெரிவு செய்து, பத்துக் கிழமை, இரண்டு மாதத்துக்கு மேல், அவதானித்து, என்ன செய்தோம், என்ன நடந்தது என்று கிழமைக்குக் கிழமை எழுத வேண்டும். இதுதான் பிள்ளை ஆய்வு. அந்தக் கிழமைக் குறிப்பில் மேற்பார்வையாளர் கையெழுத்து வைப்பார். ஜெஸ்மினாவின் மேற்பார்வையாளர் நான்.

அவளுக்குக் கிடைத்தது பாண்டிருப்புக் கடற்கரைப் பக்கம் ஒரு பாடசாலை. தெரிவு செய்த பிள்ளை தரம் மூன்று, பெயர் தர்சினி. அந்த ஆய்வை இன்று நினைத்தாலும் எனக்கு ஆசையாக இருக்கிறது, அவ்வளவு ஒழுங்கு. நாலாம் கிழமை தர்சினி எழுத்துகளைத் தொட்டு உணர்ந்தாள். ஆறாம் கிழமை 'படம்', 'மரம்' வாசித்தாள். எட்டாம் கிழமை தோழிக்கு வாசித்துக் காட்டினாள். பத்தாம் கிழமை ஒரு சிறுகதை. ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் எந்தக் கோட்பாடு என்று சரியாகக் குறித்திருந்தாள். தொண்ணூற்றிரண்டு போட்டேன். கலாசாலைக் கண்காட்சியில் அதை வாசிக்க வேண்டும் என்று சொன்னேன். தர்சினியை அன்று மேடைக்கு அழைத்து ஒரு பரிசு கொடுக்கலாம் என்று தோன்றியது. ஒரு கதைப் புத்தகமும் கலர் பென்சில் பெட்டியும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, ஒருவருக்கும் சொல்லாமல் பஸ் ஏறிப் பாண்டிருப்புக்குப் போனேன்.

தரம் மூன்றின் வகுப்பாசிரியர் பரமேஸ்வரி டீச்சர். கதைத்தால் ஊருக்கே கேட்கும் குரல், வெற்றிலைச் சிரிப்பு.

"தர்சினியா மிஸ்? அந்தப் பிள்ள வாறல்லையே. எத்தின நாளாப் போச்சு!"

"இல்ல, எங்கட ஜெஸ்மினா டீச்சர் படிப்பிச்ச தர்சினி."

"அவளத்தான் நானும் சொல்லுறன்." வரவு இடாப்பை எடுத்து வந்து விரித்தாள். தர்சினியின் பெயருக்கு நேரே மூன்று கிழமை வரவு. அதற்குப் பிறகு வரவில்லை என்ற குறிகள்தான், பக்கம் திரும்பியும் நீண்டன.

பரிசை அப்படியே பையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். பஸ்ஸில் எனக்கு இருக்க இடம் கிடைத்ததா, நின்று வந்தேனா என்பது நினைவில்லை.

அன்று பின்னேரம் ஜெஸ்மினாவைப் பிரிவு அறைக்குக் கூப்பிட்டேன்.

"ஆறாம் கிழமை தர்சினிய எங்க வெச்சு வாசிக்கப் பண்ணினீங்க?"

"வகுப்பிலதான் மெடம்."

"நான் இடாப்பப் பாத்திட்டு வாறன்."

அவளுக்குக் கண்ணீர் வந்தது, சத்தம் வரவில்லை.

"மூணாம் கிழமையோட வாறத்த நிப்பாட்டிட்டா மெடம். வேற புள்ளய எடுத்தா முதல்லருந்து எழுதணும், காலம் இல்ல. தோல்வி எண்டு எழுத எனக்கு மனம் வரல்ல." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள்: "கோட்பாடெல்லாம் சரியாத்தான் இருந்திச்சி மெடம். புள்ள மட்டும்தான் வரல்ல."

இன்று அதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். அன்று கோபத்தோடு ஆய்வைத் தூக்கிக்கொண்டேன். நேரே தம்பிராசா சேரிடம் போனேன். இந்தப் பிள்ளையை இங்கே வைத்திருக்க ஏலாது, பொய் எழுதுபவள் ஆசிரியராகக் கூடாது என்று பொரிந்தேன். அவர் ஆய்வைக் கையில் எடுத்து, முன்பக்கத்திலிருந்து கிழமைக் குறிப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"பொய் எழுதினது பிழை. அதில கதைக்க ஒண்டுமில்ல," என்றார். "இந்தக் கையெழுத்து ஆர்ர?"

"என்ட கையெழுத்து சேர்."

"எத்தின?"

"பத்து."

"பத்துத் தரமும் பிள்ளையப் பாத்தீங்களா?"

நான் அந்தப் பாடசாலைக்கு இரண்டு தடவை போயிருந்தேன். ஜெஸ்மினாவின் பாடத்தைப் பார்த்தேன். பெட்டி கீறினேன், புள்ளி வைத்தேன். தர்சினி எங்கே என்று ஒரு தடவையும் கேட்கவில்லை. மற்ற எட்டுக் கையெழுத்தும் என் மேசையில் இருந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டே வைத்தவை. எழுத்து அழகாக இருந்தது, வைத்தேன்.

"இல்ல சேர்."

"அப்ப நாளைக்கு அதிபரிட்டப் போகக்குள்ள ரெண்டு பேரும் போங்க," என்றார். குரலில் கோபம் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். "நீ என்ன பொய்யா எழுதின? கையெழுத்துத்தானே வெச்ச?" என்றார் ஆறுதலாக. "அதுதான் நான் செஞ்ச பிழை" என்றேன். அவர் என் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தார்.

கலாசாலை அதிபரின் அறையில் ஆறு பேர் கொண்ட குழு கூடியது. நானும் ஜெஸ்மினாவும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில். நான் முதலில் பேசினேன். பார்க்காமல் கையெழுத்து வைத்தேன் என்று அந்த அறையில் சொல்வது, பிள்ளைப் பேற்றுக்கு அடுத்தபடி என் வாழ்க்கையில் கஷ்டமான வேலை. குழுவில் ஒருவர், மூத்தவர், நியாயமாகத்தான் கேட்டார்: "இண்டைக்கு ஆய்வப் பொய்யா எழுதிறவ நாளைக்கு இடாப்பப் பொய்யா எழுத மாட்டாவா? வராத புள்ளைக்கு வரவு போட்டா அந்தப் புள்ளய ஆரு தேடுவாங்க?"

ஜெஸ்மினா தலையை நிமிர்த்தவில்லை.

"எழுதினாலும் எழுதுவா," என்றார் தம்பிராசா சேர். "அதனாலதான் இங்க பிடிபட்டது நல்லது எண்டு நினைக்கிறன். பிழை விடத்தான் பயிற்சி எண்டு ஒரு இடம் வெச்சிருக்கம். திருத்தாம அனுப்பினா அது எங்கட பிழை."

வெகுநேரம் கதைத்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஆய்வு இரத்து. தொகுதியில் மற்றவர்கள் நியமனம் பெற்றுப் போனாலும் ஜெஸ்மினா ஒரு தவணை தங்கி மறுபடி செய்ய வேண்டும். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். அது இன்னும் என் கோப்பில் இருக்கிறது. சேர் ஒரு நிபந்தனையைச் சேர்த்தார்: அதே பிள்ளையைத்தான் ஆய்வு செய்ய வேண்டும்.

"அவ பள்ளிக்கூடத்துக்கே வாறல்ல சேர்," என்றாள் ஜெஸ்மினா. அந்த அறையில் அவள் பேசிய முதல் வசனம்.

"அதுதான் டீச்சர் முதலாம் கிழமைக் குறிப்பு."

இருவரும் தேடிப் போனோம். பரமேஸ்வரி டீச்சர் வழி சொன்னாள். கரையில் தோணிகள் ஏற்றியிருக்கும் இடத்துக்குக் கிட்ட, தகரக் கூரை வீடு. தர்சினி வாசலில் நின்றாள். எட்டு வயது, ஒடிந்து விழுவது மாதிரி உடம்பு, இடுப்பில் இரண்டு வயதுத் தங்கச்சி. தாய் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் நாலு மாதம். தகப்பன் விடியற்காலையில் கடலுக்குப் போனால் பகல் திரும்புவார்.

ஜெஸ்மினா குந்தி இருந்து கல்வியின் அவசியத்தைப் பற்றி இரண்டு மூன்று வசனம் சொன்னாள். எல்லாம் நல்ல வசனங்கள். தர்சினி பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"அப்ப டீச்சர், நீங்க தங்கச்சியப் பாருங்க. நான் பள்ளிக்கூடம் போறன்."

ஜெஸ்மினா என்னைப் பார்த்தாள். விடுதியில் பாடமாக்கிய குரங்கும் புறாவும் கூட உதவிக்கு வரவில்லை. அப்படியே திரும்பிப் பாடசாலைக்கு வந்து பரமேஸ்வரி டீச்சரிடம் சொன்னோம். அவள் கொப்பி திருத்திக்கொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்க."

"வகுப்புக்கா?"

"பின்னுக்கு ஒரு பாயப் போட்டு விடுவம். நித்திரை கொண்டா நல்லது. கொள்ளாட்டிப் பாடம் படிக்கட்டும்."

பாடசாலை அதிபர் முதலில் மறுத்தார், பிறகு தலையைச் சொறிந்தார், கடைசியில் "ஒரு மாசம் பாப்பம்" என்றார். அந்த ஒரு மாதத்தை யாரும் பிறகு எண்ணவில்லை.

அந்தத் தவணை முழுக்க நான் கிழமைக்கு ஒரு நாள் போனேன், கையெழுத்து வைப்பதற்கு முன் பிள்ளையைப் பார்த்தேன். ஜெஸ்மினாவின் குறிப்புகள் பழைய ஆய்வு மாதிரி இல்லை. அடித்தல், திருத்தல், ஒரு பக்கத்தில் மஞ்சள் கறை. "தங்கச்சி இன்று வெண்கட்டி தின்றாள்" என்று ஒரு நாள். "தர்சினி இன்று என்னோடு பேசவில்லை. தாய் போன் எடுக்கவில்லையாம்" என்று இன்னொரு நாள். ஐந்தாம் கிழமை: "தங்கச்சி என் பாடக் குறிப்பைக் கிழித்துவிட்டாள். குறிப்பில்லாமல் படிப்பித்தேன். நேற்றைவிட நன்றாக இருந்தது." அதை வாசித்து நான் வகுப்பு வாசலிலேயே சிரித்தேன். ஜெஸ்மினாவும் சிரித்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

பத்தாம் கிழமைக் குறிப்பின் கடைசிப் பந்தி இப்படி இருந்தது: "தர்சினி பதினொரு எழுத்துகளை அடையாளம் காண்கிறாள். 'ல'வையும் 'வ'வையும் இன்னும் மாற்றிச் சொல்கிறாள். வாசிக்கவில்லை. பாடசாலைக்கு வருகிறாள்."

இந்த முறை நான் புள்ளி போடவில்லை. சேர் போட்டார். எங்கள் இருவர் முன்னாலும் முழுவதையும் வாசித்து முடித்தார். ஒரு எழுத்துப் பிழையைப் பென்சிலால் திருத்தினார். அறுபத்துநாலு என்று எழுதினார். பிறகு தாளை ஜெஸ்மினாவிடம் நீட்டி, "இப்ப எனக்கு இந்தப் பிள்ளையத் தெரியும் டீச்சர்" என்றார். தொண்ணூற்றிரண்டு எடுத்தபோது இல்லாத ஒரு முகம் அறுபத்துநாலு எடுத்தபோது ஜெஸ்மினாவுக்கு இருந்தது.

ஒரு தவணை பிந்தித்தான் அவளுக்கு நியமனம் கிடைத்தது, சொந்த ஊர்ப் பக்கமே. போய்விட்டாள். பெருநாளுக்குப் பெருநாள் போன் எடுப்பாள். தம்பிராசா சேர் இப்போது கனடாவில் மகளோடு இருக்கிறார். கதைத்தால் முதலில் பனி எவ்வளவு கொட்டிக் கிடக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்குவார்.

இதையெல்லாம் றிப்காவின் புதுப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். பெரிய மண்டபம், புதுச் சீருடை மணம். போனை மேசைக்குக் கீழே பிடித்துக்கொண்டிருந்த சிலர் மெல்ல மெல்ல அதை வைத்துவிட்டதைப் பார்த்தேன். என் பெயரில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் இருப்பதைச் சொன்னபோது றிப்காவே வாயைப் பிளந்துவிட்டாள், அவளுக்கும் அது புதினம்.

முடித்ததும் நடுவரிசையில் ஒரு பெண் எழுந்தாள். மருதமுனைப் பிள்ளை என்று சொன்னாள்.

"மெடம், அப்ப தர்சினி கடைசியில வாசிச்சாவா?"

எனக்கு வாயில் 'ஓம்' வந்துவிட்டது. மண்டபம் முழுக்க அந்த ஓமைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. சொன்னால் எல்லாருக்கும் சந்தோஷம், எனக்கும் நல்ல முடிவு. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன்.

"தெரியாது மகள்," என்றேன். "நான் கேக்கவேயில்ல."

அவளுக்கு ஏமாற்றம். எனக்கு வெட்கம். இத்தனை வருடத்தில் எத்தனை பெருநாள், எத்தனை போன், நான் அதைக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து அபாயாவைக் கூடக் கழற்றாமல் ஜெஸ்மினாவுக்குப் போன் எடுத்தேன். அவள் இப்போது பொத்துவிலில் ஒரு பாடசாலையில் உப அதிபர்.

"ஸலாம் மெடம்! என்ன இந்த நேரத்தில?"

"ஒரு விசயம் கேக்கணும் மகள். தர்சினி மறுகா வாசிச்சாவா?"

அந்தப் பக்கம் ஜெஸ்மினா சிரித்தாள்.

"வாசிச்சா மெடம். நான் போய் ஒண்டரை வருஷத்துக்குப் புறகு. பரமேஸ்வரி டீச்சர் விடல்ல. இடைவேளையில, பள்ளி விட்டாப் புறகு, ஒவ்வொரு நாளும். ஒரு நாள் டீச்சரோட கல்முனை பஸ் ஸ்டாண்டில நிண்ட தர்சினி 'அக்கரைப்பற்று' எண்டு போர்ட்ட வாசிச்சிட்டாவாம். அவ்வளவு நீளச் சொல்! டீச்சர் அங்கருந்தே எனக்குப் போன் எடுத்தவ. பஸ்ஸ விட்டுட்டாவாம் அந்தச் சந்தோசத்தில."

"அல்ஹம்துலில்லாஹ்."

"மெடம், ஆருக்காவது இதச் சொல்லிறண்டா நான் வாசிக்க வெச்சன் எண்டு சொல்லிறாதீங்க. பரமேஸ்வரி டீச்சர்ர பேரச் சொல்லுங்க."

அடுத்த கிழமை நானே றிப்காவிடம் கேட்டுப் பத்து நிமிடம் வாங்கிக்கொண்டு மறுபடி போனேன். பரமேஸ்வரி டீச்சரின் பெயரைக் கரும்பலகையில் எழுதினேன். பஸ் போர்ட் கதையைச் சொன்னேன். கைதட்டினார்கள். கைதட்டல் அடங்க, அந்த மருதமுனைப் பிள்ளை விரலை மடக்கிக் கணக்குப் பார்த்துவிட்டுத் திகைத்தாள்.

"ஒண்டரை வருஷத்துக்கு மேலயா மெடம்? ஒரு புள்ள வாசிக்கவா?"

"ஓம்," என்றேன். "பத்துக் கிழமையில வாசிச்சது அந்தப் பொய்ப் புள்ள மட்டும்தான்."